மழை யார் கணக்கில்?

2019ஆம் வருஷம் மார்ச் மாதம். வடமாவட்டம் ஒன்றின் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் நான்கு இருளர் குடும்பங்களோடு காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். செங்கல் சூளையிலிருந்து வெளியே வந்தவர்கள். எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்த காகிதத்தில் 'ஓடிவந்தவர்கள்' என்று இருந்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அங்கிருந்து சூளைக்குத் திரும்பவில்லை. அவர்கள் பின்னாலேயே மற்ற மூன்று குடும்பங்களும் வந்துவிட்டன. நடந்தது இவ்வளவுதான்.

மூன்றரை மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெண்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"அட்வான்ஸ் வாங்கினீங்களா இல்லையா?"

"வாங்கனோம் சாமி."

"அப்ப வேலை செஞ்சு குடுக்கணுமா இல்லையா? புள்ளைக்கு ஒடம்பு சரியில்லேன்னா அதுக்கு அவரு என்னம்மா பண்ணுவாரு? ஒப்பந்தம்னு ஒன்னு இருக்குல்ல?"

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 என்று நான் ஆரம்பித்தேன். பிரிவு எண்களை வரிசையாகச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதற்கு அவர் என்ன செய்வார்? யாரும் நினைக்காத ஒன்று குறுக்கே வந்து விழுகிறது. காய்ச்சல், மழை, சாவு. அதன் நஷ்டம் யார் தலையில் இறங்க வேண்டும்? அந்த அதிகாரிக்குச் சந்தேகமே இல்லை. வேலை செய்கிறவன் தலையில்தான். இது அவருக்கு எங்கிருந்து வந்தது?

வழக்கறிஞர் தோழர் ஒருவர் தன் கல்லூரிக்காலத்து ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தைக் கொடுத்தார். "இந்த அத்தியாயத்தப் படிங்க" என்று முனை மடித்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் தலைப்பு 'டாக்ட்ரின் ஆஃப் ஃப்ரஸ்ட்ரேஷன்'. நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். அகராதியைத்தான் முதலில் எடுப்பேன். விரக்தி, ஏமாற்றம், மனமுறிவு என்று போட்டிருந்தது. ஒப்பந்தத்துக்கு விரக்தி வந்து சாமியாராகப் போய்விடுமா என்று சிரித்துவிட்டேன். படித்த பிறகுதான் புரிந்தது. இரண்டு பேர் ஒப்புக்கொண்ட பிறகு, இருவர் மேலும் குற்றமில்லாத ஏதோ ஒன்று நடந்து, ஒப்புக்கொண்ட காரியமே நடக்க முடியாததாகிவிட்டால், அந்த ஒப்பந்தம் தானாகவே செத்துவிடும். இருவரும் விடுதலை. யாரும் யாருக்கும் நஷ்ட ஈடு தர வேண்டாம். இதுதான் கோட்பாடு. 'ஒப்பந்தம் குலைதல்' என்று நான் வைத்துக்கொள்கிறேன். பந்தல் குலைந்தது என்கிறோமே, அந்தக் குலைதல்.

இந்தக் கோட்பாட்டின் வரலாற்றைப் படித்துக்கொண்டு போனபோது, சட்டம் யாருக்காகக் கண்ணீர் விட்டது, யாரைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டது என்பது தேதிவாரியாகத் தெரிந்தது.

இங்கிலாந்தில் இதற்கு முதல் வழக்கு என்று சொல்லப்படுவது 1647இல் நடந்தது. பாரடைன் என்பவருடைய நிலத்தை ஜேன் என்பவர் குத்தகைக்கு வைத்திருந்தார். உள்நாட்டுப் போர்க்காலம். ரூபர்ட் இளவரசனின் படை வந்து ஜேனை நிலத்தைவிட்டு விரட்டிவிட்டது. சுமார் மூன்று வருஷம் அந்த மண்ணில் அவர் கால் வைக்க முடியவில்லை. வாடகை கொடு என்று வழக்கு. படை வந்து துரத்தினால் நான் என்ன செய்வேன் என்றார் அவர். நீயாக ஒத்துக்கொண்ட கடமை, என்ன வந்தாலும் செய்துதான் தீர வேண்டும், வேண்டாமென்றால் ஒப்பந்தத்திலேயே அதை எழுதியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருநூறு வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தில் இதுதான் சட்டம்.

அடுத்த வழக்கைச் சட்டப் புத்தகங்கள் வேறொரு அத்தியாயத்தில் வைத்திருக்கின்றன. 'முழு ஒப்பந்தம்' என்று அதற்கு வேறு பெயர். நான் இங்கேதான் வைக்கிறேன். ஏனென்றால் இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1793 ஜூலை 31. ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகம். 'கவர்னர் பாரி' என்ற கப்பலின் தலைவன் பவல், கட்டர் என்ற மாலுமிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறான். கப்பல் லிவர்பூல் போய்ச் சேர்ந்து பத்து நாளில் முப்பது கினி தருகிறேன், அதுவரை நீ இரண்டாவது மேட்டாகக் கூடவே வந்து உன் வேலையைச் செய்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 2ஆம் தேதி கப்பல் புறப்பட்டது. கட்டர் ஏழு வாரம் வேலை செய்தான். செப்டம்பர் 20ஆம் தேதி நடுக்கடலில் செத்துப்போனான். அக்டோபர் 9ஆம் தேதி கப்பல் லிவர்பூல் வந்து சேர்ந்தது. பத்தொன்பது நாள் பாக்கி. அவன் மனைவி வழக்குப் போட்டாள். முழுக்கூலி கேட்கவில்லை. செய்த வேலைக்குக் கொடுங்கள் என்றாள். 1795இல் தீர்ப்பு வந்தது. சாதாரணமாக அந்த வேலைக்கு மாதம் நான்கு பவுண்டுதான் கூலி, இவன் முப்பது கினி என்று அதிகத்துக்கு ஒத்துக்கொண்டான், லிவர்பூல் சேர்ந்தால் எல்லாம், சேராவிட்டால் ஒன்றுமில்லை என்பதுதான் பேச்சு. ஆகவே அவளுக்கு ஒன்றுமில்லை.

அவன் உயிர்தான் ஒப்பந்தத்தை முறித்தது. அதன் நஷ்டம் அவன் பெண்டாட்டிக்கு. ஏழு வார உழைப்பின் லாபம் கப்பல்காரனுக்கு.

எங்கள் சித்தியை இங்கே சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

1998இல் எனக்கு ஒன்பது வயசு. சித்தப்பாவும் சித்தியும் ஜோடியாகச் சூளைக்குப் போனார்கள். சூளையில் தனி ஆளுக்கு அட்வான்ஸ் கிடையாது, ஜோடிக்குத்தான். ஆண் மண் குழைத்து மிதிப்பான், பெண் கல் அறுத்துப் போடுவாள். பிள்ளைகள் கல்லைத் திருப்பி வைக்கும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அத்தை கல்யாணத்துக்காக எட்டாயிரம் வாங்கியிருந்தார்கள். பொங்கல் கழிந்து போனவர்கள் ஆடியில் கணக்கு முடித்துத் திரும்ப வேண்டும். வாரத்துக்கு ஒருதரம் செலவுக்காசு தருவார்கள், அது பற்று. அறுத்த கல் வரவு. மேஸ்திரி ஒரு நோட்டில் எழுதுவார்.

சித்திரையில் இரண்டு நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. அடுக்கி வைத்திருந்த பச்சைக்கல் எல்லாம் கரைந்து சேறாக ஓடியது. தார்ப்பாய் போட்டு மூட வேண்டியது சூளைக்காரர் பொறுப்பு. அவர் நாலு பாய்தான் வாங்கி வைத்திருந்தார். விடிந்ததும் சித்தப்பா கேட்டாராம், "மேஸ்திரி, மூணு நாளு கல்லு எழுதலயே?" மேஸ்திரி சொன்னது இன்றைக்கும் எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி வழங்குகிறது. "கரைஞ்சது கல்லா?"

வைகாசியில் சித்தப்பாவுக்கு மஞ்சக்காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கண் முழுக்க மஞ்சளாகி, பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். கருமாதி முடிந்த மறுநாள் மேஸ்திரி வந்தார். சத்தம் போடவில்லை. பத்துப்படி அரிசி கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். கொஞ்சநேரம் அழுதார்கூட. அப்புறம் சொன்னார், "ஜோடிக்குக் குடுத்த காசு தாயி. ஜோடியா வந்து கழிச்சிடுங்க." பெரியவன் எட்டாம் வகுப்பு. பதிமூன்று வயசு. புத்தகப்பையை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவோடு போனான். அந்த ஆடியில் கணக்கு முடியவில்லை. அடுத்த ஆடியிலும் முடியவில்லை.

அந்த நோட்டு எப்படியோ சித்தியிடம் தங்கிவிட்டது. இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டே பத்திதான், பற்று, வரவு. மழைக்கு அதில் பத்தி கிடையாது. சாவுக்கும் கிடையாது.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். சட்டம் எப்போது மனம் மாறியது? லண்டனில் சர்ரே தோட்டம் என்ற இடத்தில் ஒரு இசை மண்டபம். 1861இல் டெய்லர் என்பவர் கச்சேரி நடத்துவதற்காக அதை நான்கு நாளுக்கு, நாளொன்றுக்கு நூறு பவுண்டு என்று பேசினார். முதல் கச்சேரி ஜூன் 17. ஜூன் 11ஆம் தேதி மண்டபம் எரிந்துபோனது. யார் மேலும் தப்பில்லை. விளம்பரச் செலவைக் கொடு என்று மண்டபக்காரர் கால்ட்வெல் மேல் வழக்கு. 1863இல் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பெழுதினார். மண்டபம் இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இருவரும் பேசினார்கள், அதை எழுதாவிட்டாலும் எழுதினதாகவே கொள்ள வேண்டும், மண்டபம் போனதால் இருவருக்கும் விடுதலை. எழுதாததையும் எழுதினதாக நீதிமன்றம் படித்தது! ஜேனிடம் 'நீ எழுதியிருக்க வேண்டும்' என்று சொன்ன அதே சட்டம்.

அப்புறம் 1902. ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு ஊர்வலம், ஜூன் 26, 27. ஹென்றி என்பவர் ஊர்வலம் பார்ப்பதற்காக லண்டனில் பால்மால் தெருவில் கிரெல் என்பவருடைய மாடி அறைகளை இரண்டு நாள் பகலுக்கு 75 பவுண்டுக்கு எடுத்தார். 25 பவுண்டு முன்பணம். ராஜாவுக்கு வயிற்றில் குடல்வால் நோவு வந்து ஊர்வலம் நின்றுபோனது. அறை அப்படியேதான் இருந்தது. ஜன்னலும் இருந்தது. தெருவும் இருந்தது. போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனாலும் ஊர்வலம்தான் இந்த ஒப்பந்தத்தின் அஸ்திவாரம், அது இல்லாமல் போனதால் பாக்கி 50 பவுண்டு தர வேண்டியதில்லை என்று 1903இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ராஜாவுக்கு வந்த வயிற்றுவலி ஒரு கனவானை ஐம்பது பவுண்டிலிருந்து விடுவித்தது. சித்தப்பாவுக்கு வந்த மஞ்சக்காமாலை யாரையும் விடுவிக்கவில்லை.

இதை நான் சும்மா பக்கத்தில் வைத்துக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். நம் தேசத்துச் சட்டப் புத்தகத்திலேயே இவை பக்கத்தில்தான் இருந்தன. டெய்லர் வழக்குக்கு நான்கு வருஷம் முன்னால், 1859இல், பிரிட்டிஷ் இந்தியாவில் 13ஆம் எண் சட்டம் வந்தது. வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம். கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று வந்தது, மற்ற இடங்களுக்கும் நீட்டிக்கலாம் என்று அதிலேயே வழியிருந்தது, நீட்டித்தார்கள். சாரம் இது: முன்பணம் வாங்கிய கைவினைஞன், வேலையாள், கூலியாள் வேலை செய்யாமல் விட்டால், எஜமான் மாஜிஸ்திரேட்டிடம் பிராது கொடுக்கலாம். பணத்தைத் திருப்புவதா, வேலையைச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கிற உரிமை எஜமானுக்கு. உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்பது போதவில்லை என்று முகவுரையிலேயே காரணம் எழுதியிருக்கிறது. ஒன்றுமில்லாதவனிடம் நஷ்ட ஈடு கேட்டு என்ன கிடைக்கும்? உடம்புதானே அவனிடம் இருக்கிறது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 'சட்டப்படியான அல்லது தகுந்த காரணமின்றி' என்ற சொற்கள் அந்தச் சட்டத்தில் இருந்தன. காய்ச்சல் தகுந்த காரணம் என்று ஒரு மாஜிஸ்திரேட் நினைத்தால் விட்டிருக்கலாம். ஆனால் கனவான் அந்தக் காரணத்தைத் தன் வக்கீலை வைத்து, சிவில் கோர்ட்டில் சொன்னார். நம் ஆள் அதைக் குற்றவாளியாக நின்றுகொண்டு, துரைக்கு முன்னால், துபாஷியின் வாயால் சொல்ல வேண்டும்.

1872இல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. இன்றைக்கும் அதே சட்டம்தான். அதன் 56ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்த பிறகு காரியம் நடக்க முடியாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பிரிவுகளுக்குக் கீழே உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஏ, பி என்று இரண்டு பேர். எனக்கு இந்த உதாரணங்கள்தான் பிடித்திருந்தன, கதை மாதிரி. ஏ ஒரு நாடகக் கம்பெனியில் ஆறு மாதம் நடிக்க முன்பணம் வாங்குகிறான், சில நாள் உடம்பு சரியில்லை, அந்த நாட்களுக்கு ஒப்பந்தம் செல்லாது. 65ஆம் பிரிவுக்குக் கீழே ஒரு பாடகர், ஆயிரம் ரூபாய் முன்னதாக வாங்கிவிட்டார், கச்சேரியன்று உடம்பு முடியவில்லை. 37ஆம் பிரிவுக்குக் கீழே படம் வரைந்து தருவதாகச் சொன்னவர் இறந்துவிடுகிறார், அவர் வாரிசுகளை யாரும் கேட்க முடியாது. நடிகர், பாடகர், ஓவியர். முன்பணம் வாங்கி நோயில் விழுந்த கூலிக்காரன் இந்த உதாரணங்களில் வரவில்லை. அவன் 1859இன் சட்டத்தில் இருந்தான், குற்றவாளியாக. இரண்டு சட்டமும் ஐம்பது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தன. கிரெல் வழக்கில் தீர்ப்பு வந்த அதே 1903இல்தான் சென்னை மாகாணத்தில் தோட்டத்துரைமார் தொழிலாளர் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கித் தோட்டத்தைவிட்டுப் போன கூலியை ஜெயிலில் போட வழி செய்த சட்டம். மலைக்குப் போனவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1859இன் சட்டத்தை ரத்து செய்ய 1925இல் சட்டம் இயற்றினார்கள். 1926 ஏப்ரலிலிருந்து அது இல்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1938 செப்டம்பரில், பம்பாய்ச் சட்டமன்றத்தில் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கும் தொழில் தகராறு மசோதா வந்தது. சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் தலைவராக பாபாசாகேப் அம்பேத்கர் அதை எதிர்த்துப் பேசினார். சேவை ஒப்பந்தத்தை மீறுவது சிவில் தவறு மட்டுமே, அதைக் குற்றமாக்கினால் ஒரு மனிதனை அவன் விருப்பத்துக்கு மாறாக வேலை செய்ய வைப்பதாகும், அது அவனை அடிமையாக்குவது என்பது அவர் வாதம். நவம்பர் 7ஆம் தேதி வேலைநிறுத்தமும் நடந்தது. நாம் அவரை அரசியல் சட்டத்தோடு மட்டும் வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். அவர் ஒப்பந்தச் சட்டம் கரைத்துக் குடித்த பாரிஸ்டர். எந்த இடத்தில் 'ஒப்பந்தம்' என்ற சொல்லுக்குள் சங்கிலி ஒளிந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். தோழர்களில் சிலர் கேட்கலாம். 56ஆம் பிரிவை நம் ஆட்களுக்குப் பயன்படுத்தினால் என்ன? நடிகருக்கு உள்ளது சூளைக்காரனுக்கும் உண்டுதானே? நானும் அப்படித்தான் துள்ளினேன். வழக்கறிஞர் தோழர் சிரித்துக்கொண்டே "65அ படிச்சீங்களா?" என்றார்.

ஒப்பந்தம் செல்லாமல் போனால், அதன் கீழ் எதையாவது பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். அதுதான் 65. அந்தப் பாடகர் உதாரணத்தின் முடிவும் அதுவே. கச்சேரி நின்றதால் போன லாபத்துக்கு அவர் பொறுப்பில்லை, வாங்கின ஆயிரத்தைத் திருப்பித் தர வேண்டும். பாடகர் தருவார். அவரிடம் இருக்கும். சித்தியிடம் எட்டாயிரம் எங்கே இருக்கிறது? அத்தையின் தாலியாக, பாத்திரமாக, பந்தலில் சாப்பிட்டுக் கைகழுவின சோறாகப் போய்விட்டது. ஒப்பந்தம் குலைந்தது, நீ வேலை செய்ய வேண்டாம், காசை மட்டும் கொடு என்றால் அவள் என்ன செய்வாள்? வேலைதான் செய்வாள். சுற்றிச் சுற்றி அதே சூளை. வியாபாரிக்கு முன்பணம் என்பது பணம். நம்மவர்களுக்கு முன்பணம் என்பது முன்கூட்டியே விற்ற நாட்கள். ஒப்பந்தத்தைக் கொன்றாலும் கடன் சாகாது, கடன் சாகாதவரை ஒப்பந்தம் பேயாக வந்து வாசலில் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் 1942 வரை விதி வேறு மாதிரி இருந்தது. முடிசூட்டு விழா வழக்குகளில், குலைவதற்கு முன் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பாது, நஷ்டம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்றார்கள். அந்த விதி இங்கே இருந்திருந்தால் எட்டாயிரம் சித்தியோடு போயிருக்கும். 1872லேயே நம் சட்டம் அதைவிட 'நேர்மையாக' இருந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின் உச்ச நீதிமன்றத்தில் 56ஆம் பிரிவுக்கு அடிக்கல் நாட்டிய வழக்கு சத்யபிரதா கோஷ் வழக்கு. 1953 நவம்பரில் தீர்ப்பு. கல்கத்தாவில் மனை போட்டு விற்ற கம்பெனி 1940இல் நூற்றியொரு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு மனை எழுதித் தர ஒப்பந்தம் செய்தது. 1941இல் அந்த நிலத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் யுத்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டது. கம்பெனி, ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகக் கொள்கிறோம், முன்பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மிச்சப் பணத்தைக் கட்டுங்கள், யுத்தம் முடிந்த பிறகு ரோடு போட்டுத் தருகிறோம் என்று எழுதியது. வாங்கியவர் விடவில்லை. நீதிபதி பி.கே. முகர்ஜி, முடியாது என்றால் சொல்லுக்குச் சொல் முடியாது என்று அர்த்தமில்லை, ஒப்பந்தம் நின்ற அடித்தளமே ஆட்டம் கண்டிருந்தால் போதும் என்று விரித்துச் சொன்னார். ஆனால் இந்த வழக்கில் அப்படி ஆடவில்லை, காலவரையறை எதுவும் போடவில்லை, தாமதம்தான் ஆகும், ஆகவே ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. எனக்கு அதைப் படிக்கும்போது ஒரே ஒரு நினைப்புத்தான். ஜோடிக்குப் போட்ட ஒப்பந்தத்தின் அடித்தளம் ஜோடி இல்லையா?

1968இல் இன்னொன்று. பிரிவினையில் மேற்குப் பஞ்சாபில் குத்தகை எடுத்த நிலத்தை விட்டுவிட்டு உயிர் தப்பி வந்த ஒருவர், கொடுத்த குத்தகைப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். குத்தகை என்பது ஏற்கனவே நிறைவேறிவிட்ட உரிமை மாற்றம், 56 அதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1647இன் ஜேன் முந்நூறு வருஷம் கழித்து இந்தியாவில் மறுபடி தோற்றார்.

அதனால்தான் சொல்கிறேன், நம்மவர்களை விடுவித்த சட்டம் ஒப்பந்தச் சட்டத்தின் வாசல் வழியாக வரவேயில்லை. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் சட்டமான கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், சுவரை இடித்துக்கொண்டு வந்தது. முன்பணத்துக்காக, வழக்கத்துக்காக, முன்னோரிடமிருந்து வந்த கடமைக்காக, குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்துக்காக என்று அடிமைத்தனம் எப்படியெல்லாம் வரும் என்பதை இரண்டாம் பிரிவில் வரிசையாக எழுதியிருக்கிறது. 1872இன் ஏ-க்கும் பி-க்கும் சாதி கிடையாது. 1976இல்தான் ஏ சேரியிலிருந்து வந்தவன் என்று சட்டம் வாய்திறந்து சொன்னது. கொத்தடிமைக் கடன் அணைந்துபோகும் என்கிறது ஆறாம் பிரிவு. திருப்பித் தர வேண்டியதில்லை. 65ஆம் பிரிவு எங்கே கழுத்தைப் பிடித்ததோ அங்கே இது கையை எடுத்துவிட்டது. 15ஆம் பிரிவு, இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன் மேல் போட்டது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி, வறுமையால் வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்வதுகூட அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்புத்தான் என்றார். இதற்கெல்லாம் பிறகுதான் 1998இல் மேஸ்திரி எங்கள் திண்ணைக்கு வந்தார். சட்டம் வந்து இருபத்திரண்டு வருஷம். சித்திக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது. எட்டாம் வகுப்பு வாத்தியாருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

2020ஐயும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 19ஆம் தேதி, ஊரடங்குக்கு ஒரு மாதத்துக்கும் மேல் முன்னாலேயே, மத்திய நிதியமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. கொரோனாவால் சரக்கு வரத்து தடைப்பட்டால் அதை இயற்கைச் சீற்றமாகக் கொள்ளலாம், அரசுக்குச் சப்ளை செய்கிறவர்கள் ஒப்பந்தத்தில் உள்ள 'ஃபோர்ஸ் மெஜூர்' விதியைப் பயன்படுத்தலாம். நோய் முழுசாக வந்து இறங்கும் முன்பே கான்ட்ராக்டருக்குக் குடை விரித்தாகிவிட்டது. ஊரடங்கில் முழுச்சம்பளம் கொடுக்க வேண்டும் என்று உள்துறை மார்ச் 29ஆம் தேதி போட்ட ஆணை மே மாதத்திலேயே போய்விட்டது. ஜூன் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ள முயலட்டும் என்றது. சூளையில் யார் யாரோடு பேசுவது? ஒடிசாவிலிருந்து வந்து கல் அறுத்தவர்களுக்குத் தமிழும் தெரியாது. அந்தச் சித்திரையில் நான் பார்த்த இரண்டு சூளைகளிலும் நோட்டுப் பழைய நோட்டுத்தான். பற்று, வரவு. ஊரடங்குக்குப் பத்தி போடவில்லை.

அந்த நான்கு குடும்பங்களுக்கும் விடுதலைச் சான்றிதழ் வந்தது. பதினோரு மாதம் ஆயிற்று. குழந்தைக்கு அதற்குள் நடை வந்திருந்தது. சான்றிதழ் கொடுத்த அன்று அந்த அதிகாரி மாறிப்போயிருந்தார், புதியவர் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கட்டுரையின் குறிப்புகளைத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தேன். பெரியவன் இப்போது செங்கல் லோடு லாரி ஓட்டுகிறான். டீசல் போட வந்தவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு, என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். கப்பல்காரன் கதையைச் சொன்னேன். ஏழு வாரம், பத்தொன்பது நாள், நடுக்கடல். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பொம்பள கோர்ட்டுக்குப் போனாளா?"

"போனா சித்தி."

"குடுத்தாங்களா?"

"இல்ல."

வெற்றிலையை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டாள். கொஞ்சநேரம் கழித்துக் கேட்டாள்.

"புள்ளைங்க இருந்துதா அவளுக்கு?"

"தெரியல சித்தி. தீர்ப்புல அதெல்லாம் எழுதறதில்ல."